பாஸ் பண்ணச் சொன்ன நான்கு ட்ரே

பீன்யா தொழிற்பேட்டையில் லிஃப்ட் பிரேக்குக்கு இரும்புப் பட்டை செய்யும் ஒரு கம்பெனியில் பிரிஜெட் பதினோரு வருஷமாகக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பட்டைகூட வெளியே போகாது. அந்த வியாழக்கிழமை காலை வந்த நான்கு ட்ரேயிலும் பட்டைகளின் துளை பெரிதாக இருந்தது. துளையை அளக்கும் கேஜின் தடித்த முனை துளைக்குள் நுழையவே கூடாது. அது தள்ளாமலே உள்ளே போனது. இருபது பட்டைகளைச் சோதித்தாள். பதினேழு அப்படித்தான் இருந்தன. தேறாத சரக்குக்கான சிவப்புச் சீட்டை ஒட்டினாள்.

பத்து நிமிஷத்தில் மேனேஜர் ரங்கநாதனிடமிருந்து போனில் ஒரு வரி மெசேஜ் வந்தது: லாட்டை பாஸ் பண்ணுங்க.

போன வருஷமும் இதே வரிதான். அன்றைக்கு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள். சரக்கு திரும்பி வந்தபோது முதலாளி முன்னால் ரங்கநாதன் நிதானமாகச் சொன்னார்: "பாஸ் பண்ணுங்கன்னா அடுத்த செக்ஷனுக்குத் தள்ளி விடுங்கன்னுதான் சார் அர்த்தம். ஓகே பண்ணச் சொல்லலையே. இவங்க சரியா பார்க்காம சைன் போட்டுட்டாங்க."

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தது பிரிஜெட்தான். பிள்ளையின் பள்ளிப் படிப்பை நினைத்து எழுதினாள். அதன்பிறகு பல வாரம் தன் கையெழுத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

இந்த முறை தள்ளுவண்டியை வரவழைத்தாள். நான்கு ட்ரேயையும் ஏற்றி, நேராக ரங்கநாதன் கேபினுக்குள் தள்ளிக்கொண்டு போனாள். மேலிருந்த ட்ரேயைத் தூக்கி அவருடைய கண்ணாடி மேஜை மேல் வைத்தாள்.

"என்ன இது?"

"பாஸ் பண்ணச் சொன்னீங்க சார். உங்களுக்கு பாஸ் பண்ணிட்டேன்."

"விளையாடறீங்களா? பாஸ்னா என்னன்னு தெரியாதா?"

"தெரியும் சார். என் பொண்ணு டென்த் பாஸ் பண்ணா. விருந்துல குழம்பை பாஸ் பண்றோம். எங்கப்பா செத்தப்போ பாஸ்ட் அவேன்னு சர்ச்ல எழுதிப் போட்டாங்க. எல்லாம் ஒரே வார்த்தைதான். நீங்க எதைச் சொல்றீங்கன்னு தாள்ல எழுதிக் கொடுங்க. ஓட்டை பெருசு, இருந்தாலும் அனுப்பறேன்னு எழுதி, கீழ உங்க சைன் போடுங்க."

"சும்மா இழுக்காதீங்க. சாயங்காலம் வண்டி வருது."

"வரட்டும் சார்."

"வேலையே போயிடும், தெரியுமா?"

"அதையும் எழுத்துல கொடுங்க."

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இடத்தை விட்டு நகரவில்லை. கேபின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் லேத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். ரங்கநாதனும் அதைக் கவனித்தார். தாளை இழுத்தார், பேனாவைத் திறந்தார், வெகுநேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ட்ரேயோடு வந்த சோதனைத் தாளில் 'ரிஜெக்ட்' என்று கிறுக்கி, கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார்.

பிரிஜெட் அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவளை ஸ்டோருக்கு மாற்றினார்கள். கேட்டுக்குப் பக்கத்தில், மின்விசிறிகூட இல்லாத அறை. அவள் அங்கே போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் போல்ட் பெட்டிகளோடு ஒரு டெம்போ வந்து நின்றது. டிரைவர் பில்லை நீட்டி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிக் கன்னடத்தில் சொன்னார்.

"மேடம், சைன் ஹாக்கி."

"முதல்ல பெட்டியைத் திறங்க" என்றாள் பிரிஜெட்.