ஒரு வார்த்தை குறைஞ்ச சீட்டு

தப்பு என் மேலதான். முதல்லயே ஒத்துக்கிறேன், அப்புறம் யாரும் சொல்லிக்காட்ட வேண்டாம்.

ஜனவரியில சிங்கப்பூர்ல எங்க ஆங் மோ கியோ தொடக்கப்பள்ளிக்கு மேடம் மிரண்டா புது பிரின்சிபலா வந்தாங்க. தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம்தான். ஆனா தமிழ் வீட்டுப் பேச்சோட சரி, படிக்கணும்னா எழுத்துக்கூட்டணும். முதல் ஸ்டாஃப் மீட்டிங்லயே ஆளுக்கொரு சீட்டு கொடுத்து, "தலைவரா என்கிட்ட என்ன எதிர்பார்க்கிறீங்க, எழுதுங்க"ன்னாங்க.

மத்தவங்க இங்கிலீஷ்ல பத்தி பத்தியா எழுதினாங்க. நான் சந்திரமதி, பத்தொன்பது வருஷமா தமிழ் சொல்லிக்கொடுக்கிறவ. எனக்கு எதுக்குப் பத்தி? முந்தின பிரின்சிபல், ஒரு அப்பா சத்தம் போட்டாருன்னு அவர் முன்னாடியே என்னை மன்னிப்புக் கேட்க வெச்சவர். அந்த வயித்தெரிச்சல்ல ஒரே வார்த்தை எழுதினேன்: விட்டுக்கொடுக்காதீங்க.

அம்மாடி, அதுக்கப்புறம் ஆரம்பிச்சது! பாடத்திட்டத்துல ஒரு வரி குறைஞ்சா திரும்பி வரும். ரீசஸ் இடைவேளை டியூட்டிக்கு ரெண்டு நிமிஷம் தாமதமானா கேன்டீன் வாசல்ல மேடம் நிப்பாங்க. அறிவியல் எடுக்கிற காதர் மைதீன் பொறுக்க முடியாம மேடம்கிட்டயே காரணம் கேட்டார். "சந்திரமதி டீச்சர்தான் விட்டுக்கொடுக்காதீங்கன்னு எழுதினாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது"ன்னு சொல்லிட்டாங்க மகராசி.

"பெரிய உபகாரம் பண்ணிட்டீங்க லா!"ன்னு சிங்கப்பூர் 'லா'வை இழுத்தார் காதர்.

நான் நினைச்சது, பெத்தவங்க முன்னாடி எங்களைக் கைவிடாதீங்கன்னு. மேடமோ 'தம்பிக்கு விட்டுக்கொடு'ன்னு அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவங்க. யாருக்கும் இறங்கிப்போகாதீங்கன்னு எடுத்துக்கிட்டாங்க. போய்ச் சொல்லியிருக்கலாம். எனக்கு வீம்பு, சொல்லல.

செப்டம்பர்ல வந்தது வினை. நாலாம் வகுப்பு ரக்ஷனாவுக்கு வாய்மொழித் தேர்வுல இருபதுக்குப் பதினொன்னு போட்டேன். நல்லாத்தான் வாசிச்சா. கேள்வி கேட்டதும் அத்தனைக்கும் இங்கிலீஷ்ல பதில். அவ அப்பா சேதுபதி, தீவோட மேற்குக் கோடி பூன் லேயில வேலையைப் பாதியில விட்டுட்டு நேரா ஆபீஸுக்கு வந்துட்டார். மார்க்கை மாத்தணுமாம், டீச்சரையும் மாத்தணுமாம். போதாததுக்கு, மார்க்கை நான் ஒரு நாள் தாமதமா அனுப்பினதையும் பிடிச்சுக்கிட்டார்.

தாமதம் உண்மை. மேடமோ ரெண்டு நிமிஷத்துக்கே இறங்காதவங்க. இன்னொரு தடவை ஒரு அப்பா முன்னாடி தலைகுனிஞ்சா, அப்புறம் இந்த வேலையே வேண்டாம்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன்.

மேடம் என் குறிப்பேட்டை வாங்கி, ஒவ்வொரு கேள்வியா எழுத்துக்கூட்டி வாசிச்சாங்க. பக்கத்துலயே ரக்ஷனா சொன்ன பதில் இருந்தது. அவசரமே படல.

"மிஸ்டர் சேதுபதி, இது தமிழ்த் தேர்வு. மார்க் சரி, மாறாது. டீச்சரும் மாற மாட்டாங்க. மார்க் லேட்டா வந்ததுக்கு நான் பொறுப்பு, இது என் ஸ்கூல். நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

பிரின்சிபல் மன்னிப்புக் கேட்டாங்க. எனக்காக! "ரக்ஷனாவை ரீசஸ்ல டீச்சர்கிட்ட தமிழ்ல பேச அனுப்புங்க"ன்னு மேடம் சொன்னதுக்கு சேதுபதி தலையாட்டிட்டுப் போனார்.

கதவு சாத்தினதும் எனக்கு விழுந்தது பாருங்க அர்ச்சனை! "ஒரு நாள்னாலும் லேட் லேட்தான், டீச்சர். இனிமே நடக்கக் கூடாது." எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்துடுச்சு. என்ன சிரிப்புன்னு கேட்டாங்க. சீட்டுக் கதையை ஒண்ணு விடாம சொன்னேன்.

மேசை டிராயர்லேருந்து அந்தச் சீட்டை எடுத்தாங்க. இத்தனை மாசமும் பத்திரமா வெச்சிருக்காங்க! என் சிவப்புப் பேனாவால, விட்டுப்போனதை முன்னாடி எழுதினேன்: எங்களை. பிள்ளைங்க ஒரு உருபை விட்டா அரை மார்க் குறைக்கிறவ நான், முழு வார்த்தையையே விட்டிருக்கேன்.

"எங்... க... ளை..." மேடம் மெதுவா வாசிச்சு முடிச்சாங்க. அப்புறம் என் பேனாவை வாங்கி, கோணல்மாணலா கீழ எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க.

'உங்களை விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்களுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.'

ரெண்டு வேற்றுமை உருபும் கச்சிதம். பத்துக்குப் பத்து போட்டு, காதர் மைதீன் கண்ணுல படுற மாதிரி ஸ்டாஃப் ரூம் போர்டுல ஒட்டினேன். கையெழுத்தைப் பார்த்தும் நம்ப முடியாம "யாரு எழுதினது?"ன்னார்.

"எங்க பிரின்சிபல்!"னேன்.