பேர் சொல்ல விரும்பாத சகோதரி

வாசல் கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் சுந்தர்சிங் கத்தவே ஆரம்பித்தார். குடிபாலாவில் அவர் குடும்பத்துக்கு இருந்த மானம் அப்படி.

"பொணம் மாதிரி மல்லாந்து படுத்துக்கினு இன்னாடி பண்றே?"

"மூச்சுப் பயிற்சி நைனா. திருப்பதியில காலேஜ்ல கவுன்சிலிங் மேடம் சொல்லிக் குடுத்தாங்க. பரீட்சைன்னா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது, கை ஒதறுது. இத செஞ்சா அடங்குது" என்று மகள் தபிதா எழுந்து உட்கார்ந்தாள்.

அடங்குகிறது என்பதை யாரும் காதில் வாங்கவில்லை. கவுன்சிலிங் என்ற சொல்லுக்கே அம்மா கிரேஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். பாகாலாவிலிருந்து ரயில்வே மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பெண் கேட்டிருந்தார்கள். பெண்ணுக்கு மூளை சரியில்லை என்று பேச்சு கிளம்பினால் என்ன ஆவது? போன வருஷம் அண்ணன் கிளாட்வின் வேலை போய் மாதக்கணக்கில் போர்வைக்குள் கிடந்தபோது அதற்குப் பெயர் ஓய்வு. கோழிக்குழம்பு கட்டிலுக்கே போனது. ஆண்பிள்ளைக்கு மூளை கெடுவதில்லை போலிருக்கிறது.

"காலேஜும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இது வெளிய யாருக்கும் தெரியக் கூடாது" என்று தீர்ப்பாயிற்று.

தீர்ப்புச் சொன்னவரே, கர்த்தருக்கு மட்டும் தெரியட்டும் என்று பாஸ்டரிடம் ஜெப விண்ணப்பம் வைத்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாஸ்டர் வாக்குத் தவறாதவர். ஞாயிறு ஆராதனையில் மைக்கைப் பிடித்து, "பேர் சொல்ல விரும்பாத, திருப்பதியிலே படிக்கிற நம்ம சபை சகோதரி ஒருத்தரோட மனக்கோளாறு நீங்க ஜெபிப்போம்" என்றார்.

அந்தச் சபையில் திருப்பதியில் படிப்பவள் ஒருத்திதான். முக்காடு போட்ட தலைகள் அத்தனையும் திரும்பின. அதே சபையைச் சேர்ந்த மாப்பிள்ளையின் அத்தை முன்வரிசையிலிருந்து உடம்போடு திரும்பி உட்கார்ந்தே பார்த்தாள். சுந்தர்சிங் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

தபிதாவுக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. வயிற்றில் கை வைத்து, அத்தனை பேரும் பார்க்க, அவசரமே இல்லாமல் மூச்சை இழுத்து விட்டாள். பிறகு எழுந்து நின்றாள்.

"பாஸ்டர், எனக்கு வெறும் படபடப்புதான். அதுக்கு வழி தெரிஞ்சிக்கினேன். நாளைக்கு காலேஜுக்குப் போறேன். வேற ஒருத்தருக்கு ஜெபம் பண்ணுங்க. ஊரு இன்னா சொல்லுமோன்னு பயந்துக்கினு, பெத்த பொண்ணு படிப்ப நிறுத்தறாரு. பேரு சொல்ல விரும்பல."

தலைகள் ஆண்கள் பக்கம் திரும்பின. கிரேஸ்தான், யாருக்கும் காத்திராமல், சத்தமாக "ஆமென்" என்றாள்.