வலது கையில் வேகம்

“எனக்கு ஒரு ஃப்ளைட் வேணும் சார். என் கையால, என் ரிமோட்ல. நடுவுல யாரும் பிடுங்கக் கூடாது.”

குட்டி விமானம் விடுகிறவர்களின் அந்தச் சங்கத்தில் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் செயலாளரிடம் கேட்டுவிடாதே என்று சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். செயலாளர் பல் டாக்டர். அவர் எதிரில் வாயைத் திறக்கவே பாதிப் பேருக்குப் பயம். திறந்தால் எதையாவது பிடுங்கிவிடுவார் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். அவள் திறந்துவிட்டாள்.

மைதானத்து ஓரத் தகரக் கூரைக்குக் கீழே மடக்கு நாற்காலிகளில் இருந்த நாலைந்து பேரும் பேச்சை நிறுத்தினார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

விவகாரம் இதுதான். விமானத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சி அங்கே எல்லோருக்கும் ரிமோட்டின் இடது பக்கம். மூக்கைத் தூக்கி இறக்குவது வலது பக்கம். அவளுக்கு இரண்டும் இடம் மாறியிருந்தன. கல்லூரியில், படிப்பு முடித்துப் போன ஒருவன் விட்டுச்சென்ற பழைய ரிமோட் அப்படி. வேறு மாதிரியும் உண்டு என்று சொல்ல ஆளில்லை. அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். விண்ணப்பம் நிரப்பியதிலிருந்து எல்லாமே தட்டுத் தடுமாறித் தானாகக் கற்றுக்கொண்டது. இதுவும் அந்தக் கணக்கில் ஒன்று. ஐந்து விமானங்கள் சுக்குநூறான பிறகு, ஆறாவது அவள் பேச்சைக் கேட்டது.

அப்புறம் வேலை, அப்பாவின் ஆபரேஷன், அக்கா கல்யாணம் என்று ஆறு வருடம் போனது. விமானம் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பம்பு தொழிற்சாலையில் தரம் பார்ப்பது அவள் வேலை. மயிரிழை பிசகினாலும் ஓரங்கட்டிவிடுவதால் பட்டறையில் அவளுக்கு ‘ரிஜெக்ட் மேடம்’ என்று பெயர். வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்தால் திங்கள் காலை வரை அவள் அறைக்கு ஈ காக்கை வராது. அம்மா போனில் “சாப்டியா” என்பாள், அதோடு சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையில் சோப்பு கேட்க வாயைத் திறந்தால் குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. காலையிலிருந்து பேசவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று ராத்திரி பெட்டியை வெளியே இழுத்தாள். பறக்கவிட ஓர் இடம் என்பதற்காக மட்டும் சங்கத்தில் சேரவில்லை. பக்கத்தில் நாலு மனிதக் குரல் கேட்குமே என்றும்தான்.

சேர்ந்ததும் டாக்டர் சொன்ன முதல் வார்த்தை, கையை மாற்று. விமானம் விடுகிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும், ஆபத்து வந்தால் ரிமோட்டை வாங்கிக் காப்பாற்ற வேண்டும் என்பது சங்கத்து விதி. அவளுடையதை வாங்கி அங்கே ஒருவராலும் ஓட்ட முடியாது. அதில் நியாயம் இருந்தது. அவளுக்கு எரிச்சலே அதனால்தான். ரிமோட்டை அவர்கள் மாதிரி மாற்றிக்கொண்டு ஆறு வாரம் பழகினாள்.

போன ஞாயிறு, இறக்கும் நேரத்தில் காற்று விமானத்தின் மூக்கை அமுக்கியது. யோசிக்க நேரமில்லை. மூக்கைத் தூக்க இடது கை தன் பழைய வழியில் குச்சியைக் கீழே இழுத்தது. ஆனால் இடது குச்சி இப்போது வேகம். மோட்டார் நின்றது. டாக்டர் பாய்ந்து ரிமோட்டைப் பிடுங்கி, தரைக்கு ஒரு முழம் மேலே விமானத்தின் மூக்கைத் தூக்கிக் காப்பாற்றினார். எல்லோரும் கை தட்டினார்கள், அவருக்கு. நேர்முகத் தேர்வுகளில் அவள் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தேடி நிற்கும்போது எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே வாக்கியத்தை முடித்துக் கொடுப்பாரே, அதே சிரிப்பு அன்று அவர் முகத்தில் இருந்தது.

“என்ன அவசரம்? மூணு மாசத்துல கை படிஞ்சிடும்,” என்றார் டாக்டர் இப்போது. “ஊரோட ஒத்துப் போகணும்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“என் நல்லதுக்குச் சொன்னவங்க லிஸ்ட் ரொம்ப நீளம் சார்.”

டயர் கடைக்காரர் குபுக்கென்று சிரித்துவிட்டார். எது உடைந்தாலும் பசை போட்டால் சரியாகிவிடும் என்பவர். பெயரே பசை அண்ணன். “ஒரு தடவை விடட்டுமே டாக்டர். உடைஞ்சா நான் ஒட்டிக் குடுத்துடறேன்.”

டாக்டர் மற்றவர்களைக் கூரைக்குக் கீழேயே இருக்கச் சொன்னார். ஒரே ஒரு தடவை, பசை அண்ணன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றார்.

விமானம் பத்தடி ஓடி எழுந்தது. வலது கட்டைவிரலில் வேகம், இடது கட்டைவிரலில் உயரம். ஆறு வருடம் கழித்து, எது எந்தப் பக்கம் என்று அவள் நினைக்கவே இல்லை. மேகத்துக்கு அடியில் ஒரு பெரிய வட்டம், பிறகு தலைகீழாக ஒரு புரட்டல். பசை அண்ணன் இரண்டு கைகளையும் பேன்ட் பைகளில் விட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்றும் செய்யாமல் சும்மா கூட நின்றார். இப்படி ஒருவர் நின்று எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்ததும் அவளுக்குக் கண் கரித்தது. இமைக்காமல் பார்வையை விமானத்தில் வைத்திருந்தாள்.

இறக்கும்போது காற்று மறுபடி மூக்கை அமுக்கியது. இடது கை இழுத்தது. மூக்கு நிமிர்ந்தது. சக்கரங்கள் புல்லில் உரசி, ஓடி, நின்றன.

டாக்டர் வந்தார். நல்ல மனிதர்தான், பொய் சொல்லத் தெரியாது. “இவ்ளோ மெத்துன்னு இறக்குறவங்க நம்மகிட்ட ரெண்டு பேருக்கு மேல இல்ல. அதுக்குத்தான் சொல்றேன், அடுத்த வாரத்துலேர்ந்து மறுபடி நம்ம செட்டிங். நாங்க கூட இருக்கோம்ல?”

“கூட இருக்கணும்னுதான் சார் வந்தேன். கையை மாத்தினாத்தான் கூட இருப்பீங்கன்னா, வேணாம்.”

கோபத்தில் சொன்னதல்ல. நேற்று சாயங்காலமே ரிமோட்டைப் பழையபடி மாற்றிவிட்டு, தொழிற்சாலைக்குப் பின்னால் வார்ப்பு மணலைக் கொட்டும் பொட்டலுக்குப் போய், எந்தப் பக்கம் மின்கம்பி, எங்கே நின்றால் வெயில் கண்ணில் அடிக்காது என்று நடந்து பார்த்துவிட்டு வந்திருந்தாள். நாலு பேர் பார்க்க ஒரு தடவை இறக்கிவிட வேண்டும் என்பதுதான் இன்று மிச்சமிருந்தது.

இறக்கையின் திருகுகளைக் கழற்றினாள். பசை அண்ணன் விமானத்து வாலைப் பிடித்துக்கொடுத்தார். இனிமேல் அந்தப் பொட்டலில்தான் விடப்போகிறேன் என்று அவரிடம் மட்டும் சொன்னாள்.

“அங்க கூட யாரு இருப்பா?”

“யாரும் இல்லண்ணே.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், டாக்டரைப் பார்த்தார், வாலை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

ஒரு கக்கத்தில் இறக்கையும் மறு கக்கத்தில் உடலுமாக அவள் நடந்தாள். பின்னால் யாரோ அடுத்த மோட்டாரைக் கிளப்பினார்கள், நாற்காலிகளில் விட்ட பேச்சு மறுபடி தொடங்கியது. கம்பிக் கதவைத் தாண்டும்வரை அது காதில் விழுந்துகொண்டே வந்தது. அவள் நடையைக் குறைக்கவில்லை.