குந்தவை கோச்சின் பாதி மைதானம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கூடைப்பந்துக் கதையாகும் என்று நான் நினைக்கவே இல்லை. மழையில் நனைந்த குறுவை நெல்லைப் பற்றிக் கட்டுரை எழுதத்தான் திருவையாறு பக்கம் போனேன். அங்கே ஒரு பெண்கள் கல்லூரியின் கூடைப்பந்து மைதானம் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பெண்மணி, கழுத்தில் விசில், இடுப்பில் கை.

கட்டுரையை அங்கேயே விட்டுவிட்டேன்.

2

"குந்தவையின் வாழ்க்கை ஒரு நெடிய போராட்ட..."

(வேண்டாம் இந்தத் தொடக்கம். அவரே சிரிப்பார்.)

அரைக்கால் சட்டை போட்டு ஆட மகளை அனுப்ப மாட்டோம் என்ற வீடுகளில் உட்கார்ந்து, காபி குடித்தே சம்மதம் வாங்கியவர் அந்த விசில்காரப் பெண்மணி, கோச் குந்தவை. அந்தப் பெண்கள் இன்று ரயில்வேயிலும் போலீஸிலும் இருக்கிறார்கள். கல்லூரியில் கோப்பை வைக்க இடமில்லை. கதைக்கு ஒரு சோகம் வேண்டுமே என்று, "தோத்துப்போய் அழுத கதை ஏதாவது சொல்லுங்க மேடம்" என்றேன்.

"தோத்தா அன்னிக்கு எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் குடுத்துடுவேன். அழுதுகிட்டே எப்படிங்க சாப்பிடுறது?"

இவரை வைத்துக்கொண்டு நான் என்ன எழுத?

3

நெல்லுக்கு வருவோம். அது பக்கத்து வயல்காரப் பெரியவர் வைத்தியலிங்கத்தின் நெல். காவலாளியிடம் கேட்டு விரித்திருந்தார். ஈரம் போகாவிட்டால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். குந்தவைக்கோ அந்த வாரமே திருவாரூரில் இறுதி ஆட்டம், போன வருடம் கோப்பையைப் பறித்த அணியோடு.

"ஐயா, இது புள்ளைங்க ஆடுற இடம்."

"தெரியும்மா. ரோட்டுல போட்டா லாரி ஏறிட்டுப் போவுது. இப்படியே விட்டா முளைச்சிரும். நான் எங்க போவேன்?"

(இங்கே பெரிய சண்டை ஒன்றை எழுதி அடித்துவிட்டேன். அப்படி நடக்கவில்லை.)

குந்தவை ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். "ஒரு பக்கம் உங்களுக்கு, ஒரு பக்கம் எங்களுக்கு" என்றார்.

எல்லாவற்றையும் பாதி இடத்துக்குள் ஒதுக்கியதில் நெல் தடிமனாகப் படிந்தது. அடிக்கடி கிளறினால்தான் காயும். எனவே ஒரு சட்டம்: யார் எறிந்த பந்து நெல்லுக்குள் போகிறதோ, அவள் காலால் நெல்லைக் கிளறிவிட வேண்டும். முதல் நாள் கேப்டன் லத்தீஃபாதான் அதிகம் கிளறினாள்.

"மேடம், நான் பி.காம் படிக்க வந்தேனா, நெல்லு காய வைக்க வந்தேனா?"

போகப்போகப் பந்து நெல் பக்கமே திரும்பவில்லை. வைத்தியலிங்கம்தான் வாடிப்போனார். "யாராச்சும் ஒருத்தர் தப்பா போடுங்கம்மா!"

4

இறுதி ஆட்டத்தில் இவர்களைத் தோற்க வைக்கலாமா என்று யோசித்தேன். தோல்வி கதைக்கு அழகு. வாய்ப்பும் இருந்தது: பாதி மைதானத்தில் பழகியவர்கள் முழு மைதானத்தில் மூச்சு வாங்கினார்கள். இடைவேளையில் பின்தங்கியிருந்தார்கள். நெல்லுக்கு இடம் கொடுத்தது தப்போ என்று குந்தவைக்கே தோன்றியது. பிறகு பெண்களைக் கூப்பிட்டார்.

"நீங்க ஓடாதீங்கடி. பந்து ஓடட்டும். பக்கத்துல நெல்லு கெடக்குன்னு நெனச்சுக்கங்க."

பந்து கைமாறிக் கைமாறிப் போனது. எதிரணி அதன் பின்னால் ஓடியே களைத்தது. கடைசிப் பந்தை லத்தீஃபா கூடைக்குள் போட்டாள்.

ஜெயித்தார்கள். மன்னியுங்கள், என்னால் மாற்ற முடியவில்லை. நெல்லை விற்றுவிட்டு பஸ் பிடித்து வந்திருந்த வைத்தியலிங்கம், துண்டைத் தலைக்கு மேல் சுழற்றி ஆடினார்.

5

வேனில் ஏறும் நேரத்தில் வைத்தியலிங்கம் குந்தவையிடம் தயங்கித் தயங்கி வந்தார்.

"தையில சம்பா அறுப்பும்மா. இந்தத் தடவ முழு மைதானமும் குடுத்தீங்கன்னா..."

தையில்தான் பல்கலைக்கழகப் போட்டி. பெண்கள் கோச்சைப் பார்த்தார்கள்.

குந்தவை சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுதினால் நீங்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். மைதானம் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் நிற்கிறார், வேனுக்குள்ளிருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

சொல்லுங்கள்.