விடுதலையான கிணறு

சென்றாயன் இறந்த மறு வருடம் ஆனி மாதத்தில், அவருடைய கிணறு ஆட்டையாம்பட்டிக் காட்டை விட்டுக் கிளம்பி, ஜலகண்டாபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் தீபிகாவின் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை என்பதில் இரண்டு ஊருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. விடிந்ததும் கிளம்பி, மகுடஞ்சாவடியில் லாரிகளுக்கு வழிவிட்டு நெடுஞ்சாலையைக் கடந்து, இடைப்பாடியில் கூட்டமாக இருக்கிறதே என்று சற்று நின்று, பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. கல்கட்டு, படி, கெளுத்தி மீன், பொந்துகளில் இருந்த புறாக்கள் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போயிற்று. மோட்டாரை மட்டும் கழற்றி வரப்பில் வைத்திருந்தது. மோட்டாருக்கு வரும் இலவச மின்சாரம் அரசாங்கத்துடையது; அந்த நேர்மை கிணற்றுக்கு இருந்தது.

அதற்கு முந்தைய வருடம் முழுவதும் சென்றாயனின் மகன் இளவழகன் சான்றிதழ்களுக்குள்தான் குடியிருந்தான். இறப்புச் சான்றிதழில் அப்பன் பெயர் ‘சென்ராயன்’ என்று வந்தது. சின்ன ர போய்ப் பெரிய ற வருவதற்குள் காட்டில் நட்ட மரவள்ளிக்குக் கிழங்கு இறங்கிவிட்டது. வாரிசுச் சான்றிதழ் மனுவோ, கிராம நிர்வாக அலுவலரிடம் உட்கார்ந்து, வருவாய் ஆய்வாளரிடம் படுத்து, தாசில்தாரிடம் போய்ச் சேர்ந்தபோது அதற்கு நரை விழுந்திருந்தது என்பார்கள். அவ்வளவு இராது, காதோரம் ஒன்றிரண்டு இருந்திருக்கும். தாயும் முன்பே போய்விட்டதால் வாரிசு இரண்டே பேர்: இளவழகன், தங்கை தீபிகா. மோட்டார் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றப் போனபோது மின்வாரிய அலுவலகத்தில் இருந்தவர் தாளைப் புரட்டிப் பார்த்து, “ஏனுங்க, இதுல ரெண்டு பேரு இருக்குதே. தங்கச்சி சம்மதம் எங்கீங்க?” என்றார். இளவழகனுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். “தங்கச்சியத்தான் கட்டிக் குடுத்துட்டமுங்களே!” “கட்டிக் குடுத்தது புள்ளையத்தானுங்க. பங்கையுஞ் சேத்தியா கட்டிக் குடுத்தீங்க?”

இளவழகன் கெட்டவன் அல்ல. தங்கையின் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே தூங்கிய ஆள். காட்டில் அவளுக்கும் பாதி என்பது அவன் புத்தியில் தட்டவில்லை, அவ்வளவுதான். அந்த வட்டாரத்தில் தட்டாதவர்களை நிற்க வைத்தால் வரிசை ராசிபுரம் வரைக்கும் போகும். பத்திர எழுத்தர் சரவணமுத்து வழி சொன்னார். பங்கை விட்டுக்கொடுக்கிறவர் எழுதித் தரும் விடுதலைப் பத்திரம் ஒன்று போட்டுவிட்டால் எல்லாம் இளவழகன் பெயருக்கு வந்துவிடும். தீபிகா வந்தாள். அண்ணன் எடுத்துக் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு சார்பதிவாளர் அம்மாளின் முன்னால் நின்றாள். ‘மேற்படி காட்டையும் கிணற்றையும் இன்று முதல் விடுதலை செய்துவிட்டேன்’ என்று சரவணமுத்து வாசிக்க, தலையை ஆட்டிவிட்டுக் கைரேகை வைத்தாள். வெளியே வந்ததும், “அண்ணா, காட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரலாமுங்களா? கெணத்தைப் பாத்துட்டுப் போறேன்” என்றாள். “இப்ப எதுக்கு அம்மிணி, பஸ்ஸு போயிரும்” என்றான். அவன் சொன்னது பேருந்தைப் பற்றித்தான். அவளுக்குக் கேட்டது வேறு.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிணறு கிளம்பியது.

ஜலகண்டாபுரத்தில் தீபிகா இருப்பது தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்து. கிணறு இடுப்பை ஒடுக்கி, யார் வாசற்படியையும் இடிக்காமல் உட்கார்ந்துகொண்டது. குழாய்த் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த சந்துக்காரர்கள் கேள்வி கேட்காமல் குடத்தோடு வந்தார்கள். அந்தத் தண்ணீரில் போட்ட காப்பிக்குச் சர்க்கரை வேண்டியிருக்கவில்லை. கோடி வீட்டுப் பெரியவருக்குப் பல் முளைத்தது. பொய்ப்பல்தான், ஆனாலும் முளைத்தது. பேரூராட்சிக்காரர்கள் ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கல் ஈரமாக இருந்ததால் ஒட்டவில்லை. தீபிகாவின் புருஷன் வளவன் சத்தீஸ்கரில் போர்வெல் ரிக் வண்டியில் இருந்தான். விஷயத்தைப் போனில்தான் கேட்டான். “நாங்க இங்க ஆயிரம் அடி எறக்கியும் புழுதிதான் வருது. உனக்கு மட்டும் ஊட்டு வாசலுக்கே நடந்து வருதா?” என்றான். தீபிகா பெருமையடித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் வந்து, கல்லின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பாள்.

ஆட்டையாம்பட்டியில் மரவள்ளி இலைகள் குடை மடங்குவது போல மடங்கின. மாடுகள் மடி வற்றி, பகல் முழுவதும் ஜலகண்டாபுரம் இருக்கும் திசையைப் பார்த்தே நின்றன. இன்னும் பத்து நாள் தண்ணீர் இல்லையென்றால் அந்த வருட வெள்ளாமை அத்தனையும் விறகு. இளவழகன் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, சரவணமுத்துவையும் இழுத்துக்கொண்டு சார்பதிவாளரிடம் போனான். பதிவான சொத்தைத் திருப்பிக் கொண்டுவந்து தர வேண்டும் என்று முறையிட்டான். அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “விடுதலை பண்ணியாச்சுன்னு நீங்கதான எழுதிக்கிட்டு வந்தீங்க? ஜெயில்லருந்து விடுதலையானவன் எந்த ஊட்டுக்குப் போவான்? அவனையே நெனைச்சுக்கிட்டிருக்கறவ ஊட்டுக்குத்தான் போவான். மறுபடி புடிச்சுக் கட்டறதுக்கு எங்ககிட்டச் சட்டம் இல்லீங்க.” சரவணமுத்து தவித்துப் போனார். “சர்வீஸு பூராவும் இதே வாசகந்தானுங்க எழுதறேன். ஒரு கெணறும் இப்படி அர்த்தம் பண்ணிக்கிட்டதில்லைங்கம்மா!”

அங்கிருந்து இளவழகன் நேராக ஜலகண்டாபுரம் போனான். கிணறு அவனை அடையாளம் கண்டுகொண்டதும் தண்ணீர் ஒரு படி ஏறியது என்று சந்துக்காரர்கள் சொல்கிறார்கள். அவன் கல்கட்டில் உட்கார்ந்தான். தங்கை சாப்பாடு போட்டாள், சாப்பிட்டான்.

“அம்மிணி, நீ சொன்னா வந்துரும். வரச் சொல்லு சாமி. காடு காயுது.”

“சொல்லாமயா இருப்பேன்? தெனமுந்தான் சொல்றேன். கேக்கறதில்லீங்க.”

“உனக்கு வேணும்னா அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்கண்ணா?”

உள்ளே ஒரு மீன் துள்ளிய சத்தம் கேட்டது. இளவழகன் தட்டைக் கழுவி வைத்தான். பிறகு, இத்தனை மாதம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தும் ஒருவரிடமும் கேட்காத ஒரு கேள்வியை, தலையைக் குனிந்துகொண்டு தங்கையிடம் கேட்டான்: “உனக்கு என்ன வேணும்?” தீபிகா யோசிக்கவே இல்லை. “என் பங்கு” என்றாள்.

அந்த வாரமே விடுதலைப் பத்திரத்தை இருவரும் சேர்ந்து ரத்து செய்தார்கள். பட்டாவில் இரண்டு பெயரும் ஏறின. அப்போது அலுவலகம் அதிசயமாகச் சுறுசுறுப்புக் காட்டியது. ஒரு கிணறு தானாக ஊர் மாறுவதைவிட அதைத்தான் ஜனங்கள் இன்றைக்கும் நம்ப மறுக்கிறார்கள். காட்டை இளவழகனே உழுகிறான். விளைச்சலில் பாதி தங்கை வீட்டுக்குப் போகிறது. கிணற்றுக்குத்தான் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. பங்குக் கிணறு என்றால் முறை வைத்து இறைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பங்காளிகள் மாறி மாறி வந்து இறைத்துவிட்டுப் போவார்கள். இங்கே பங்காளிகள் இருந்த இடத்தில் இருக்கிறார்கள், கிணறு மாறி மாறிப் போகிறது. ஒரு வாரம் அண்ணன் முறை, மறு வாரம் தங்கை முறை. இடைப்பாடி வழியில் ஓடும் பேருந்துக்காரர்கள் அது கடக்கும்வரை வண்டியை ஓரம் கட்டுகிறார்கள். முதலில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த பயணிகள் இப்போது போனிலிருந்து தலையை நிமிர்த்துவதில்லை. தங்கை முறை வரும் செவ்வாய்க்கிழமைகளில் காட்டிலிருந்து இளவழகன் போன் போடுவான்.

“அம்மிணி, கெளம்பிருச்சு. வழியில மழையாமா, கொஞ்சம் முன்னப் பின்ன ஆவும். வாசல்ல வண்டி கிண்டி நின்னா எடுக்கச் சொல்லீரு.”

தீபிகா போய் எடுக்கச் சொல்வாள். எடுப்பார்கள்.