பதிவேட்டில் உள்ள கறை

மாதர் சங்கக் கூடத்தின் சமையலறைக் கதவில் ஓர் அட்டை தொங்குகிறது. ‘பிளாக்வுட் மர மேசைமேல் சூடான பாத்திரத்தையோ ஈரமான பாத்திரத்தையோ நேரடியாக வைக்கக் கூடாது – செயலாளர்.’ அதை எழுதிய செயலாளர் கிளெனிஸ்தான் செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்குப் பூசணி சூப் பானையை அந்த மேசைமேல் நேரடியாக வைத்தாள். தொலைபேசி அடித்தது, கை சுட்டது, வைத்துவிட்டாள். பானையைத் தூக்கியபோது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வெள்ளை வளையம்.

மேசையின் மறுகோடியில் ஏற்கெனவே ஒரு வளையம் உண்டு, சாசர் அளவில். போன வருஷம் சங்க உறுப்பினர் நோலீன் ஈரப் பூச்சாடியை வைத்ததன் அடையாளம். கிளெனிஸ் அதை இலேசில் விடவில்லை. நாள், நேரம், பூவின் பெயர் எல்லாம் கூட்டப் பதிவேட்டில் எழுதி, எல்லோர் முன்னும் வாசித்து, நோலீனிடம் கையெழுத்தும் வாங்கினாள். புதிதாக யார் சங்கத்தில் சேர்ந்தாலும் அந்த வளையத்தின் முன் நிறுத்தி இரண்டு நிமிஷம் பேசாமல் விடமாட்டாள்.

சனிக்கிழமை கேக் போட்டி. அதே மேசையில்தான். நடுவர் நோலீன். அவள் வாயில் விழுந்தால் டாஸ்மேனியாவில் பாதிப் பேர் வாயில் விழுந்த மாதிரி.

அந்த ஊரில் ஜன்னல் கண்ணாடியா, சட்டையில் மையா, எதுவானாலும் மெத்தோ என்கிற எரிசாராயம்தான் முதல் மருந்து. பாத்திரத் தொட்டிக்கு அடியில் ஒரு புட்டி எப்போதும் இருக்கும். கிளெனிஸ் துணியில் தாராளமாக ஊற்றித் தேய்த்தாள். மேசையின் அரக்கு மெருகு இளகி, பிசுபிசுவென்று துணியோடு வந்தது. வளையம் போன இடத்தில் சொறி பிடித்த மாதிரி ஒரு திட்டு.

கூடத்துக்குப் பின்னால் ஊர் ஆண்கள் கூடி மரவேலை செய்யும் பட்டறையிலிருந்து புருஷன் கெல்வினைக் கூட்டிவந்தாள். அவர் உள்ளே வந்ததும் மேசையைப் பார்க்கவில்லை. கதவில் இருந்த அட்டையை, ‘செயலாளர்’ வரைக்கும் நிறுத்தி நிறுத்திச் சத்தமாக வாசித்தார்.

“அரக்கைக் கரைக்கிறதே மெத்தோதான், செயலாளரம்மா,” என்றார் பிறகு. “கெட்டுப்போனதும் அதாலதான், சரியாகப்போறதும் அதாலதான். அளவுதான் விஷயம்.”

எரிசாராயத்தில் அரக்கைக் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து அதில் நனைத்து, பட்டும் படாமலும் நீள நீளமாக இழுத்தார். புதன் முழுக்க அதே வேலை. வியாழன் காலையில் திட்டு மறைந்தது. ஆனால் அந்த இடம் மட்டும் பளபளவென்று நின்றது. மேசை முழுவதுக்கும் மெருகு இழுத்தால்தான் ஒரே நிறமாகும் என்றார்.

நோலீனின் வளையத்தை மட்டும் விட்டுவிட முடியாதா என்று கிளெனிஸ் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“விட்டா, அங்க மட்டும் பழசாத் தெரியும். உனக்கு ஒரு வளையம் கட்டாயம் வேணும்னா சொல்லு, சூப்பைச் சுடவெச்சுக் கொண்டுவரேன்.”

வெள்ளிக்கிழமை மாலை மேசையில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. இரண்டு வளையங்களும் இல்லை.

சனிக்கிழமை நோலீன் வந்தாள். ஸ்பாஞ்ச் கேக்குகள் வரிசையாகக் காத்திருந்தன. அவள் எதையும் தொடாமல் நேரே மேசையின் மறுகோடிக்குப் போனாள். விரலால் ஒரு தடவு தடவினாள். குனிந்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

“கிளென், என்னோட கறை எங்க?”

கிளெனிஸ் மெருகைப் பற்றி ஏதோ முணுமுணுத்தாள்.

“பதிவேட்டுல இருக்கு, மேசையில இல்ல. அப்ப உன் பதிவேடு பொய்யா, கண்ணு? ஒரு வருஷமா ஊர்ல எல்லாருக்கும் காட்டினியே, அதை எடுக்கிற அளவுக்கு என்மேல திடீர்னு என்ன பாசம்?”

கேக் கொண்டுவந்தவர்கள் கிட்டே நெருங்கி வந்தார்கள். கெல்வின் கூரையைப் பார்த்தார். கிளெனிஸ் கதவில் இருந்த அட்டையைப் பார்த்தாள். அது அவள் கையெழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பொய் சொல்ல வரவில்லை. செவ்வாய், தொலைபேசி, பானை, மெத்தோ எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்தாள்.

நோலீன் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்து, பேனாவோடு கிளெனிஸ் முன் வைத்தாள்.

“எழுது. நாள், நேரம், சூப்போட பேரு.”

கிளெனிஸ் எழுதினாள். நோலீன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“பூசணின்னு மட்டும் போட்டிருக்கே. கிரீம் சேர்த்ததா, சேர்க்காததா?”

“சேர்த்தது.”

“அதையும் எழுது. எழுதிட்டு எழுந்து நின்னு வாசி. அப்புறம் கேக்கைப் பார்க்கலாம்.”