கோணலகு யாருடைய பிள்ளை

எங்கள் கில்கில் ஊரில் நியாக்கியோ பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை வைத்திருந்தாள். இரட்டைப் பிள்ளைகளைக்கூடப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளை தேனீ பிடித்துத் தின்னும் ஆற்றங்கரைப் பஞ்சுருட்டான் குருவிகள் இரண்டு வருடமாகத் திணறடித்தன. ஆணும் பெண்ணும் ஒரே அச்சு: வெள்ளை நெற்றி, சிவப்புத் தொண்டை, பச்சை முதுகு. செங்குத்தான மண்கரையில் நாற்பது பொந்துகள்.

இரண்டு பறவைகளை மட்டும் அவளுக்கு அடையாளம் தெரியும். ஒன்றுக்கு இடது கண் வெளுத்திருந்தது, அது ஒற்றைக்கண். இன்னொன்றின் அலகு நுனி பக்கவாட்டில் வளைந்திருந்தது, அது கோணலகு.

நவம்பர் மழையில் கோணலகும் அதன் துணையும் மேல்வரிசையில் புதுப் பொந்து தோண்டின. கடை திறக்கும் முன் தினமும் வந்து நியாக்கியோ படம் எடுத்தாள். பத்தாம் நாள் ஒற்றைக்கண் வந்து பொந்தின் வாயை மறித்து உட்கார்ந்தது. கொத்தவில்லை, துரத்தவில்லை. குஞ்சைப் போல இறக்கையை நடுக்கிக் கெஞ்சியது. துணைக்கென்று கோணலகு கொண்டுவந்த தும்பியையும் வாங்கித் தின்றுவிட்டது.

மூன்று நாள் இதையே பார்த்தவள் பொறுக்கமாட்டாமல் ஒரு மண்கட்டியை எடுத்து எறிந்தாள். அது ஒற்றைக்கண் மேல் படவில்லை. பொந்தின் விளிம்பில் பட்டு மண் சரிந்து, வாய் பாதி மூடிக்கொண்டது.

கீழே மணல் அள்ளிக்கொண்டிருந்த கிபுது நிமிர்ந்தார்.

“என்ன போட்டோக்காரம்மா, நான் மம்பட்டி வெச்சா குருவி போயிடும்னு கத்துவே. இப்ப நீயே இடிக்கிறே?”

“அந்தக் கிழத்தை விரட்டினேன் அண்ணே. சின்னதுங்களைக் குடும்பம் நடத்த விடமாட்டேங்குது.”

மறுநாள் கோணலகு மேல்வரிசைக்கு வரவில்லை. கீழ்வரிசையில் ஒற்றைக்கண்ணின் பொந்துக்கு வெட்டுக்கிளி கொண்டுபோய்க்கொண்டிருந்தது. உள்ளே குஞ்சுகளின் சத்தம். ஒற்றைக்கண்ணையும் சேர்த்து ஐந்து பறவைகள் மாறி மாறி ஊட்டின.

கடைக்குப் போனதும் பழைய படங்களைத் துழாவினாள். போன வருடத்துப் படம் ஒன்றில், புதிதாகப் பறக்கத் தொடங்கிய குஞ்சுக்கு ஒற்றைக்கண் தேனீ ஊட்டிக்கொண்டிருந்தது. குஞ்சின் அலகு வளைந்திருந்தது. படத்தைக் கொண்டுபோய்க் கிபுதுவிடம் காட்டினாள்.

“இதுல என்ன குழப்பம்? அப்பன் மகனைக் கூப்பிட்டிருக்கான். தம்பி தங்கச்சியைப் பார்க்க ஆளில்லை, அதுக்குள்ள உனக்குத் தனிக்குடித்தனம் கேக்குதான்னு. எங்கப்பனும் இப்படித்தான் என் கல்யாணத்தை மூணு வருஷம் இழுத்தான்.”

“அது அப்பன்னு எப்படிச் சொல்றீங்க?”

“ஊட்டுதே.”

“கோணலகும்தான் இப்ப ஊட்டுது. அது யாருக்கு அப்பன்?”

கிபுது படத்தை வாங்கி மறுபடி பார்த்தார்.

“அது மகனா மகளான்னுகூட எனக்குத் தெரியல அண்ணே. அதை விடுங்க. கிழம் கூப்பிட்டுப் போச்சா, இல்ல நான் வீட்டை இடிச்சதால போச்சா? அதைச் சொல்லுங்க.”

அவர் தேநீரைக் குடித்துவிட்டுக் கரையை நிமிர்ந்து பார்த்தார்.

“சரிஞ்ச மண்ணை எடுத்து விடுவோம். திரும்பி வந்தா நீ இடிச்சதால போச்சு. வரலேன்னா கிழத்தால.”

அவரே ஏறி விரலால் மண்ணை வழித்துவிட்டார். நான்கு நாள் காத்திருந்தார்கள். நான்காம் நாள் கோணலகு வந்தது. உள்ளே போய்ச் சற்று நேரம் இருந்தது. வெளியே வந்து, ஒரு தேனீயைப் பிடித்து, நேராகக் கீழ்ப் பொந்துக்குப் போனது. பிறகு மேலே வரவேயில்லை.

“இதுக்கு என்ன அர்த்தம் அண்ணே?”

“வந்துச்சு. ஆனா வரல” என்றார் கிபுது.

டிசம்பரில் மூன்று குஞ்சுகள் வெளியே வந்து வேலமரக் கிளையில் தடுமாறி உட்கார்ந்தன. ஐந்து பெரிய பறவைகளும் சுற்றி நின்று கூப்பிட்டன. முதல் குஞ்சுக்கு ஊட்டியது ஒற்றைக்கண் இல்லை, கோணலகும் இல்லை. இதுவரை அவள் கவனித்தே இராத ஏதோ ஒன்று. கோணலகின் துணையாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.

நியாக்கியோ எல்லாவற்றையும் எடுத்தாள். கடையில் படங்களை ஒட்டியபோது கீழே பெயர் எதுவும் எழுதாமல் தேதியை மட்டும் எழுதினாள்.